ஒரு கைப்பிடி கலந்தாலும்

பீர் பாட்டிலின் மேல் இயற்கை வேளாண்மை முத்திரையை ஒட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால், என்னைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். அந்த விண்ணப்பம் என் மேஜைக்கு வந்த அன்று, அதை ஒரு துணிப்பைக்குள் திணித்து, பையை நாற்காலிக்கு அடியில் தள்ளி, அதன்மேல் என் சாப்பாட்டு டப்பாவை வைத்தேன். போலீஸ் வந்து துழாவினால் முதலில் தயிர்சாதம்தான் கையில் தட்டுப்படும் என்பது என் திட்டம். அப்போது நான் புது ஆள் இல்லை. தலையில் பாதி நரைத்து, மீதிக்கு மை பூசிக்கொண்டிருந்த மூத்த ஆய்வாளர்.

சான்றளிப்பு ஆய்வாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது உருப்படியாக எழுதித் தரும்படி கேட்டார்கள். முழங்கால் வரப்பில் நடக்க மறுத்துவிட்டதால், வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். உருப்படியாக என்னிடம் இருப்பது இந்த ஒரு கதைதான். நம் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வயலில் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடவில்லை என்று பார்ப்பது, அங்கே விளைந்தது ஆலைக்குப் போகும் வழியில் வேறெதுவும் கலக்கவில்லை என்று பார்ப்பது, கடைசியில் லேபிளில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது. என் அப்பா அடுத்தவர் களத்துமேட்டில் கூலிக்கு நெல் தூற்றியவர். நான் அதே நெல்லைச் சந்தேகப்படுகிற வேலைக்கு வந்தேன். குடும்பத்தில் இது முன்னேற்றம் என்று பேசிக்கொண்டார்கள்.

பயத்தில் சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே லேபிள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியை நாங்கள் எல்லோரும் 'மேடம்' என்றுதான் சொல்வோம். பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

"மேடம், சாராயத்துக்கு சர்டிபிகேட் கேக்கறாங்க."

"சாராயம் இல்லப்பா, பீர். அரிசி போட்டு செய்யறாங்க. விதியைப் படிச்சியா?"

"பயத்துல படிக்கல மேடம்."

"பயந்தவன்தான்பா முதல்ல படிக்கணும். தைரியசாலி மெதுவா படிச்சுக்கலாம்."

படித்தேன். மதுபானத்துக்கும் அந்த முத்திரை உண்டு. போடுகிற தானியம் விதைப்பிலிருந்து ஆலைவரை சான்று பெற்றதாக இருக்க வேண்டும். தண்ணீரும் உப்பும் கணக்கில் வராது. சான்று பெற்ற அரிசியும் பெறாத அரிசியும் ஒரே சரக்கில் சேரக்கூடாது. உடம்புக்கு நல்லது என்ற தொனியில் ஒரு சொல்கூட வரக்கூடாது. மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை, பக்கத்தில் இயற்கை முத்திரை இருக்கிறதே என்று ஒரு புள்ளி அளவுகூடச் சிறுக்கக்கூடாது. நல்லது என்று ஒரு முத்திரை, கெட்டது என்று ஒரு எச்சரிக்கை, இரண்டும் ஒரே பாட்டிலில் எப்படி என்று மேடத்திடம் கேட்டேன்.

"நல்லதுன்னு யாருப்பா சொன்னது? அந்த முத்திரை வயலைப் பத்திப் பேசுது. குடிக்கறவன் வயித்தைப் பத்திப் பேச கீழயே எச்சரிக்கை இருக்குது. நீ வயலை மட்டும் பாரு."

அன்று சாயங்காலத்துக்குள் பயம் போய் நான் நிபுணன் ஆகிவிட்டேன். பயந்த ஆய்வாளரால் அதிகம் கெடுதல் வராது. நிபுணரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அந்த பீருக்கு அரிசி தரப்போவது எனக்கு நன்றாகத் தெரிந்த விவசாயிகள் குழு. பெரும்பாலோர் வாலாஜாபாத் பக்கத்தவர்கள். தலைவர் குமரேசன், ஒன்றியத்தில் கட்சிப் பதவியும் வகித்தவர். அதனால் டீ கேட்டால்கூட எதிரில் மைக் இருப்பதுபோலக் கேட்பார். காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கிற திருப்பருத்திக்குன்றத்திலிருந்து குழுவில் ஒருவர்தான். பிரபாவதி என்று பெயர், என் வயது இருக்கும், சமணக் குடும்பம். கணவருக்குச் சென்னையில் வேலை. நிலத்தைப் பார்த்துக்கொள்வது இவர். குழு என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே அவர் நிலத்தில் மருந்து கிடையாது. பூச்சியை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்று முதல் ஆய்வில் கேட்டேன். "துரத்துவோம் சார். கொல்ல மாட்டோம்" என்றார். ஆய்வுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'மற்றவை' என்ற இடத்தில் எழுதிக்கொண்டேன்.

குழுவுக்கு வருடா வருடம் பயிற்சி நடத்துவது என் பொறுப்பு. அதில் நான் ஒரு வித்தை காட்டுவேன். ஒரு தாம்பாளத்தில் குழுவின் அரிசியைக் குவிப்பேன். சட்டைப்பையிலிருந்து ஒரு கைப்பிடி கடையரிசியை எடுத்து, மந்திரவாதிபோல விரலை ஆட்டி, அதன்மேல் தூவுவேன். கிளறிவிட்டு, "இப்போ என் அரிசியைப் பிரிச்சுக் குடுங்க பாக்கலாம்" என்பேன். சிரிப்பார்கள். யாராவது ஒருவர் நாலு மணியைப் பொறுக்கி நீட்டுவார். அது குழுவின் அரிசியாகத்தான் இருக்கும். அப்போது குரலைத் தாழ்த்தி என் வசனத்தைச் சொல்வேன்: "ஒரு கைப்பிடி கலந்தாலும் மொத்தமும் கலந்ததுதான்." கைதட்டல் வரும். முன்வரிசையில் உட்கார்ந்து பிரபாவதி ஒவ்வொரு வருடமும் அதே வித்தையை அதே கவனத்தோடு பார்ப்பார்.

அந்த வருடம் எல்லோருடைய நெல்லும் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் ஒன்றாக அரைபட்டு, தனி அறையில் மூட்டையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நான் சான்றில் கையெழுத்துப் போட்டதும் பீர் கம்பெனி லாரி அனுப்பும். அதற்குமுன் லேபிளைச் சரிபார்க்க வேண்டும். மாதிரி அச்சு கைக்கு வந்தது. அழகாக இருந்தது. நெல்கதிர், கோபுரம், நடுவே ஒரு வரி: 'ஓர் உயிரையும் கொல்லாமல் திருப்பருத்திக்குன்றத்தில் விளைந்த அரிசியிலிருந்து.' அந்த வரி கம்பெனிக்குச் சொந்தமானது இல்லை, என்னுடையது. கம்பெனி அதிகாரியோடு டீ குடிக்கையில், பிரபாவதியின் வயலைப் பற்றி நான் அளந்துவிட்டது. 'துரத்துவோம், கொல்ல மாட்டோம்' என்பதை அவரைப்போலவே நடித்தும் காட்டியிருந்தேன்.

அந்த வரியை நிரூபிக்க முடியாது, எடுக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். எடுப்பதற்குமுன் அவருக்கு ஒருமுறை காட்டிவிடலாம் என்று தோன்றியது. ஊர்ப்பெயர் பாட்டிலில் வந்தால் எந்த விவசாயிக்கும் பெருமையாக இருக்கும் என்பது என் அடுத்த நம்பிக்கை. முதல் நம்பிக்கைக்கு இது தம்பி.

நான் போனபோது அவர் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். தண்ணீரோடு சிறு உயிர் எதுவும் உள்ளே போய்விடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"வாங்க சார். கையில இன்னாது, கல்யாணப் பத்திரிகையா?"

"அதுக்கும் மேலம்மா. உங்க அரிசிக்கு யோகம் அடிச்சிருக்குது. கண்ணாடிச் சட்டை மாட்டிக்கினு, பெரிய ஓட்டலுக்கெல்லாம் போய் உக்காரப் போகுது."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். ஊர்ப்பெயர் வந்த இடத்தில் முகம் லேசாக மலர்ந்தது. நானும் மலர்ந்தேன். அவர் கண் கீழே இறங்கி எச்சரிக்கைக்கு வந்தது. அதை வாய்விட்டுப் படித்தார். "மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு." பிறகு மறுபடியும் மேலே போய் ஊர்ப்பெயரைப் படித்தார்.

"இதுக்குள்ள எங்க அரிசியா சார்?"

"ஆமாம்மா. பீர். குமரேசன் சொல்லலையா?"

"ஒரு கம்பெனி வாங்குதுன்னார். மறுபடியும் மெட்ராஸ்ல ஏதோ அரிசிக்கடைன்னு நெனச்சேன்."

லேபிளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை.

"கள்ளு, கறி, தேனு. இது மூணும் வேணாம்னு சின்ன வயசுல கோயில்ல விரதம் எடுத்துக்கினவ நான். தொடாம இருந்தா போதும்னு இல்ல சார். அடுத்தவங்களுக்குச் செஞ்சு குடுக்கறதும் அதுலதான் வருது."

பதற்றத்தில் எனக்கு வரும் முதல் யோசனை எப்போதும் அற்பமானதாகத்தான் இருக்கும். "ஊர்ப்பேரை எடுத்துடச் சொல்றேம்மா. இன்னிக்கே போன் போடறேன்" என்றேன்.

"பேரை எடுத்துட்டா அரிசி வெளிய வந்துடுமா சார்?"

அடுத்த யோசனை. "உங்க எடைக்கு எடை மூட்டையைத் தனியா எடுத்து வைக்கச் சொல்றேன். கணக்குப்படி உங்க அரிசி அந்தப் பக்கம் போகவே போகாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலி துளியும் இல்லாத பார்வை. உண்மையாகவே சந்தேகம் கேட்கிறவர் போலக் கேட்டார்.

"ஒரு கைப்பிடி கலந்தாலும் மொத்தமும் கலந்ததுதான்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

நான் எழுந்துவிட்டேன். எழுந்தேன் என்பது கௌரவமான சொல், ஓடினேன். வண்டியை உதைத்தேன், உதைத்தேன், கிளம்பவில்லை. சாவி போடாத வண்டி எப்படிக் கிளம்பும்? "சாவி கையிலயே இருக்குது சார்" என்று அவர்தான் சொன்னார்.

பாலத்தைத் தாண்டிப் பிள்ளையார்பாளையத்துக்குள் வந்து, ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். மனிதர்கள் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். என் வேலை என்ன என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. விதிப்படி எல்லாம் சரி. வயல் சுத்தம், மில் சுத்தம், மூட்டை சுத்தம். அந்த வரியை எடுத்துவிட்டால் லேபிளும் சுத்தம். கையெழுத்தை நிறுத்தச் சொல்கிற விதி எதுவுமே இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டால் அந்த அம்மா தன் வாழ்நாளெல்லாம் காத்த ஒன்று, என் பேனாவால் போகும்.

அப்போதுதான் எனக்கு அந்த உயர்ந்த யோசனை வந்தது. மூட்டையில் பூச்சி இருக்கிறது என்று எழுதிவிட்டால்? சரக்கு தானாக நின்றுவிடும். யாருக்கும் யார்மேலும் வருத்தம் இருக்காது. ஒரு நல்ல மனுஷிக்காகப் பொய் சொன்ன புண்ணியம் எனக்குச் சேரும். கண் கலங்கியேவிட்டது எனக்கு, என் நல்ல மனதை நினைத்து. புண்ணியத்தைப் பதிவு செய்துகொள்ள மேடத்துக்குப் போன் போட்டேன்.

முழுக்கக் கேட்டார்.

"பூச்சி இருக்குதா?"

"இல்ல மேடம்."

"இல்லாத பூச்சியை நல்லவங்களுக்காக எழுதறேங்கற. சரி. நாளைக்கு இன்னொருத்தன் வருவான், இருக்கற பூச்சியை இல்லைன்னு எழுதச் சொல்லுவான். அவன் வூட்லயும் ஒரு நல்ல மனுஷி இருப்பாங்கப்பா. அப்போ இன்னா பண்ணுவ?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரி, இத்த சொல்லு. அந்த அரிசி இப்போ யாருது?"

"குழுவுது மேடம். கம்பெனி இன்னும் எடுக்கல."

"உன்னுது இல்லல்ல?"

"இல்ல மேடம்."

"அப்புறம் அத்த எங்க அனுப்பறதுன்னு நடுரோட்ல நின்னுக்கினு நீ ஏன்பா முடிவு பண்ற? யாருதோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு. உள்ளதை மட்டும் சொல்லு. நடிச்சுக் காட்டாத."

கடைசி வாக்கியத்தை அவர் ஏன் சேர்த்தார் என்று நான் கேட்கவில்லை. என்னை அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை, வாலாஜாபாத் மில்லின் முற்றத்தில் குழு கூடியது. நெல் காயவைக்கிற சிமெண்டுத் தளம், பாதி வெயில், பாதி நிழல். பிரபாவதி பஸ்ஸில் வந்து இறங்கி, நிழலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டு உள்ளதைச் சொன்னேன். அரிசி பீருக்குப் போகிறது. இவருக்கு அது விரதத்துக்கு விரோதம். அரிசியைப் பிரிக்க முடியாது. விற்பது சட்டப்படி சரி. நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இவ்வளவையும் ஒரு ஜோக்கூட இல்லாமல் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து அப்படிப் பேசியதே இல்லை. உடம்பு சரியில்லையா என்று ஒருவர் கேட்டார்.

குமரேசன்தான் முதலில் எகிறினார். "சார், அத்த ஏன் சார் எடுத்துக்கினு போய்க் காட்டினீங்க? சம்பந்தி வூட்டுக்குப் பத்திரிகை வைக்கற மாதிரி?"

"வாய்தான், குமரேசன். என் வாய்."

"நெல்லுக்கு, மில்லுக்கு, மூட்டைக்கு எல்லாத்துக்கும் சர்டிபிகேட் குடுக்கறீங்க. உங்க வாய்க்கு ஒண்ணு வாங்கி மாட்டுங்க சார் முதல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பிரபாவதியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியதும் முனுசாமி என்ற விவசாயி கேட்டார்.

"பாவம் வெளைச்சவன் மேல வருதா, காய்ச்சறவன் மேல வருதா, குடிக்கறவன் மேல வருதா? அத்த சொல்லுங்க சார்."

"அதுக்கு விதியில இடம் இல்லீங்க."

"நானும்தான் சாயங்காலம் ஆனா கடைக்குப் போறேன். அப்போ நான் வெளைச்ச அரிசியும் பாவமா நயினாரம்மா?"

சமண வீட்டார் பெயருக்குப் பின்னால் நயினார் என்று வருவதால், குழுவில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உங்களுதைப் பத்தி நான் சொல்ல யாருங்க? என்னுதைப் பத்திதான் சொல்றேன்" என்றார் பிரபாவதி.

"உங்களுதும் எங்களுதும் ஒரே மூட்டையில கெடக்குதேம்மா!"

மில்லுக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து கன்னியம்மா எழுந்தார். தனியாளாக நின்று பயிர் வைக்கிறவர், கூட்டங்களில் பேசாதவர்.

"நான் ஒண்ணு சொல்றேன், யாரும் கோச்சிக்காதீங்க. போன வருசம் அரிசிக்கடைக்காரன் கடைசி நேரத்துல வேணாம்னுட்டான். மருந்து போடாம, களை புடுங்கிப் புடுங்கி வெளைச்சதை, சாதா அரிசியோட சாதா அரிசியாத்தான் தள்ளினோம். இந்த வருசமும் அதேதான்னா என்னால முடியாது. அடுத்த போகம் நான் யூரியா போட்டுடுவேன். மருந்தும் அடிச்சுடுவேன். மறைக்கல, சொல்லிட்டேன்."

"நானும்தான்" என்றது ஒரு குரல். இன்னும் இரண்டு மூன்று தலைகள் அசைந்தன.

நான் பிரபாவதியைப் பார்த்தேன். இந்த வேலையில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு செய்துவிட்டு மறைக்கிற முகம், செய்யாமலே பயப்படுகிற முகம், என்னுடையதைப்போல எல்லாவற்றுக்கும் வேர்க்கிற முகம். அப்படி ஒரு முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் நிறுத்தினால், தன் அரிசி மதுவாகாது. நிறுத்தினால், இத்தனை வயலிலும் மருந்து அடிப்பார்கள். இரண்டு பக்கமும் அவருடைய விரதம்தான் நின்றுகொண்டிருந்தது. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அதன்மேல்தான் வைக்க வேண்டும்.

அவர் எழுந்து நின்றார்.

"மருந்து அடிச்சா வயல்ல இன்னா நடக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கு நான் காரணமா இருக்க மாட்டேன். நிறுத்துங்கன்னு கேக்கல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எங்க போவுதுன்னு கேக்காம குடுத்தேன். கேட்டிருக்கணும். அது என்னோட தப்பு. இனிமே என் நெல்லு இதுல சேராது, அவ்ளோதான்."

கை தூக்கச் சொன்னார்கள். கன்னியம்மா கை முதலில் எழுந்தது. அதைத் தூக்கும்போது அவர் பிரபாவதியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். முனுசாமி கை தயங்கித் தயங்கி எழுந்தது. விற்கலாம் என்று முடிவாயிற்று. பிரபாவதியைத் தவிரக் கை தூக்காத ஒரே ஆள் குமரேசன்.

"நீங்க?" என்றேன்.

"தலைவருக்கு ஓட்டு இல்ல சார்" என்றார். அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. நான் சுட்டிக்காட்டவில்லை. கொஞ்சம் கழித்து, மைக் இல்லாத குரலில் சொன்னார்: "சார், லேபிள்ல இருந்து அவங்க ஊர்ப்பேரை எடுக்கச் சொல்லிடுங்க. அரிசி வெளிய வராது. பேராவது வரட்டும்."

இதிலிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்று கேட்பீர்கள். நல்ல முடிவு எடுப்பது எப்படி என்று இந்தக் கதை சொல்லாது. அந்த முற்றத்தில் நல்ல முடிவு என்று ஒன்று இருந்ததா என்றே எனக்கு இன்னும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது சின்ன விஷயம். கலப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். வயலில் என்ன போட்டீர்கள் என்று நாம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். இது எங்கே போகக்கூடாது என்று நினைக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வி நம் படிவத்தில் இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு ஆய்விலும் நான் அதை வாய்மொழியாகவே கேட்டேன். சிலர் சிரித்தார்கள். சிலர் யோசித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுப் பதில் சொன்னார்கள். இன்னொன்று, பதற்றம் வரும்போது நம் மனது முதலில் நீட்டுவது நமக்கு வசதியான வழியாகவும், அடுத்து நீட்டுவது நம்மை நல்லவனாகக் காட்டுகிற வழியாகவும் இருக்கும். இரண்டில் இரண்டாவதுதான் ஆபத்து. இல்லாத பூச்சியை எழுத என் கை எவ்வளவு ஆசையாகத் துடித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த வித்தையை நான் பிறகு காட்டவில்லை. பயிற்சியில் என்ன சார், அரிசி மேஜிக் இல்லையா என்று கேட்டார்கள். கை நடுங்குகிறது, வயதாகிவிட்டது என்றேன். முன்வரிசையில் அவருடைய இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த போகத்தில் அவர் நெல் வைக்கவில்லை, வேர்க்கடலை போட்டார். குழுவிலிருந்து விலகுகிறவரின் நிலத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது முறை, போயிருந்தேன். கடலைச் செடி வரிசையாக நின்றது. பீருக்குத் தொட்டுக்கொள்ளக் கடலையைவிட வேறென்ன என்ற ஜோக் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வாழ்நாளில் நான் விழுங்கிய ஒரே ஜோக் அதுவாகத்தான் இருக்கும். எச்சில் கூட்டி விழுங்கினேன். "செடி நல்லா வந்திருக்குதும்மா" என்றேன்.

"ஆமா சார். எண்ணெய் ஆட்டறவர்கிட்ட பேசிட்டேன்" என்றார். "எங்க போவும்னு கேட்டுட்டேன்."

நடந்தது இதுதான். கூட்டத்துக்கு மறுநாள் நான் சான்றில் கையெழுத்துப் போட்டேன். லாரி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. பிரபாவதியின் விலகல் தாளில் கையெழுத்து வாங்க அன்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அன்றைக்கு உபவாசம் இருந்தார். குடத்திலிருந்து வடித்த தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பீர் கடைக்கு வந்தது. லேபிளில் கோபுரம் இருந்தது, ஊர்ப்பெயர் இல்லை. எச்சரிக்கை முழு அளவில் இருந்தது. முத்திரை சரியாகத்தான் இருந்தது.